கடைசி செமஸ்டரிலிருந்து ஆரம்பியுங்கள்

வணக்கம் நேயர்களே.

“வரலாற்றில் பட்டம் வாங்கியாயிற்று. அடுத்து வாத்தியார் வேலை ஒன்றுதானா?” என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். வேறு வழியும் இருக்கிறது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பழைய கட்டடங்களின் பாதுகாப்பு, வாய்மொழி வரலாறு, நினைவிடங்கள் என்று வகுப்பறைக்கு வெளியே நடக்கிற வரலாற்றுப் பணிக்குப் பொது வரலாறு என்று பெயர். இதற்கென்றே முதுகலைப் பட்டம் தரும் துறைகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில்தான் அதிகம். அங்கே போய்ப் படிக்க நினைக்கிறவர் அந்த இரண்டு வருடத்தை எப்படி அடுக்கிக்கொள்வது என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

கணக்கு எளியது. பட்டத்துக்கு 30 முதல் 40 கிரெடிட் வரை கேட்பார்கள். கிரெடிட் என்பது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. ஒரு பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட். ஆக, பத்து முதல் பதின்மூன்று பாடங்கள். பொது வரலாற்று அறிமுகம், ஆய்வு முறை, சிறு குழுவாக உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகும் ஆய்வுக் கருத்தரங்கு ஒன்றோ இரண்டோ, வேலையிடத்தில் பயிற்சி பெறும் இன்டர்ன்ஷிப், இறுதித் திட்டம் என்று கட்டாயப் பாடங்களே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் விருப்பத்துக்கு மிஞ்சுவது நாலைந்து இடம்தான். திட்டமிடுவது என்றால் அந்த நாலைந்து இடத்தை என்ன செய்வது என்பதுதான்.

பலரும் முதல் செமஸ்டரில் எந்தப் பாடம் கிடைக்கிறதோ அதை எடுப்பார்கள், பிறகு அடுத்ததைப் பார்ப்பார்கள். நான் சொல்வது தலைகீழ். பட்டம் முடிக்கும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரே வழி, வேலை விளம்பரங்களைப் படிப்பது. படிப்பு முடிந்த பிறகு அல்ல, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே. பொது வரலாற்றுக்கான தேசியப் பேரவை, மாநில, வட்டார வரலாற்றுக்கான அமெரிக்கச் சங்கம் ஆகிய இரண்டு அமைப்புகளின் தளங்களிலும் இந்தத் துறைக்கான வேலைகள் தொடர்ந்து வரும். உங்களுக்குப் பிடித்த மாதிரி வேலைகளில் ஒரு பத்துப் பதினைந்தை எடுத்து, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று அடிக்கோடிட்டு வையுங்கள்.

அப்படிப் படித்தால் சில விஷயங்கள் முகத்தில் அடித்த மாதிரி தெரியும். ஆவணக் காப்பக வேலைகள் பலவற்றில் வரலாற்றுப் பட்டம் மட்டும் போதாது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நூலக அறிவியல் பட்டமும் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தரும் இரட்டைப் பட்டப் படிப்புகள் உண்டு. ஆனால் அதைச் சேரும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது செமஸ்டரில் தெரிந்துகொண்டு என்ன பயன்?

கட்டடப் பாதுகாப்புப் பக்கம் கதை வேறு. அமெரிக்காவில் 1966இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள எந்தத் திட்டமும், சாலையோ பாலமோ, அங்குள்ள வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதனால் ஆலோசனை நிறுவனங்களுக்கு வரலாற்றாளர்கள் தேவைப்படுகிறார்கள். அங்கே வரலாற்று முதுகலைப் பட்டமே ஒரு தகுதி. அது இல்லாமல் இளங்கலை மட்டும் இருந்தால் பொதுவாகக் குறைந்தது இரண்டு வருட முழுநேர அனுபவம் காட்ட வேண்டும். இந்த வழியில் போகிறவருக்குக் கட்டடக்கலை வரலாறு, சட்டம், வரைபடம் வாசிப்பு ஆகியவை விருப்பப் பாடங்களில் வந்தாக வேண்டும்.

அடுத்தது இன்டர்ன்ஷிப். இந்தப் படிப்பின் முதுகெலும்பே அதுதான். 1976இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் இராபர்ட் கெல்லி இந்தப் படிப்பைத் தொடங்கினார். வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குக் கல்லூரி வேலை கிடைக்காமல் திண்டாடிய காலம் அது. கெல்லி தாமே கலிபோர்னியாவின் நீர் வழக்குகளில் வரலாற்று ஆலோசகராக இருந்தவர். நீதிமன்றத்துக்கும் வரலாற்றாளர் தேவை என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். இப்படி வகுப்பறைக்கு வெளியே உள்ள வேலைக்காகவே பிறந்த படிப்பில், இன்டர்ன்ஷிப்பை ஒப்புக்குச் சேர்த்த பாடம் மாதிரி நடத்துகிற துறைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

வழக்கமாக இது முதல் வருடம் முடிந்த கோடையில் வரும். நூற்றைம்பது மணி நேரம், முந்நூறு மணி நேரம் என்று துறைக்குத் துறை மாறும். நல்ல இடங்களுக்கான விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். இங்கேதான் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். ஜனவரியில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால், முதல் செமஸ்டர் முடிவதற்குள் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். அதனால் முதல் செமஸ்டரிலேயே ஒரு செய்முறைப் பாடம் எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே படிப்போடு சேர்ந்த பயிற்சிக்குப் போக, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவும் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஒப்புதல் தருவதற்கு முன் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. இன்னொரு சங்கதி: தேசியப் பூங்காத் துறை மாதிரி மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அதை நம்பிப் பாடம் எடுக்காதீர்கள்.

சரி, செய்முறைப் பாடத்தில் என்னதான் செய்வார்கள்? ஆவணக் காப்பக வகுப்பை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வரும். கடிதங்கள், ரசீதுகள், துருப்பிடித்த குண்டூசி, காகிதத்தோடு உருகி ஒட்டிக்கொண்ட ரப்பர் பேண்ட். பார்த்தவுடன் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கக் கை பரபரக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. அந்த மனிதர் எதை எதோடு சேர்த்து வைத்திருந்தார் என்பதே ஒரு சான்று. கடன் பத்திரத்துக்கு நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தால், அதை எடுத்து “குடும்பம்” என்ற உறையில் போட்டவுடன் அந்தக் கடன் எதற்கு வாங்கியது என்ற குறிப்பே அழிந்துபோகலாம். இருந்த வரிசையைக் காப்பாற்றி, குண்டூசியைக் கழற்றி, அமிலம் இல்லாத உறைகளில் போட்டு, ஒவ்வோர் உறைக்கும் தலைப்புக் கொடுத்து, கடைசியில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வழிகாட்டிக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். ஒழுங்காக எழுதிய அந்தக் குறிப்பு இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தோடு வைக்க நல்ல சரக்கு.

வாய்மொழி வரலாற்றுப் பாடம் எடுப்பவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். பேசியவர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் இல்லாவிட்டால் அந்தப் பதிவைக் காப்பகங்கள் வாங்கத் தயங்கும். மனிதர்களை வைத்துச் செய்கிற ஆய்வுகளைச் சரிபார்க்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட மத்திய விதிகள் வாய்மொழி வரலாற்றை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பெரும்பாலும் விலக்கிவிட்டன. இருந்தாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் வழக்கப்படி நடக்கும். பேட்டி தொடங்குவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு சொன்னதும், “அப்படியானால் எல்லாமே செய்முறைப் பாடமாக எடுத்துவிடலாமே” என்று தோன்றும். டிஜிட்டல் வரைபடம், கண்காட்சி வடிவமைப்பு, நிதி விண்ணப்பம் எழுதுவது என்று பட்டியலும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். இதில் எனக்கு உடன்பாடில்லை. மென்பொருள் சில வருடங்களில் மாறிவிடும். வரலாற்றுப் பாடங்களைக் கைவிடாதீர்கள். தொழிலாளர் வரலாறோ, குடியேற்றமோ, பூர்வகுடிகளின் வரலாறோ, ஏதாவது ஒரு துறையில் மூன்று பாடமாவது ஆழமாகப் படியுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1995இல் ஸ்மித்சோனியனின் விண்வெளி அருங்காட்சியகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை வைத்து, ஐம்பதாம் ஆண்டையொட்டி ஒரு பெரிய கண்காட்சி போடத் திட்டமிட்டார்கள். முன்னாள் படைவீரர் அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது, மே மாதம் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். விளக்குப் போட்ட விதத்தையோ எழுத்தின் அளவையோ பற்றி அங்கே யாரும் சண்டை போடவில்லை. குண்டு போடாமல் ஜப்பானுக்குள் படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்க உயிர் போயிருக்கும் என்ற மதிப்பீடும், அதற்கு என்ன ஆதாரம் என்பதும் சண்டையின் மையத்தில் இருந்தன. அந்த மாதிரி மேசையில் உட்காருகிறவருக்கு மூல ஆவணங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுத் தருவது ஆய்வுக் கருத்தரங்குதான்.

கண்காட்சி மாதிரி ஏதாவது செய்து காட்டுகிற இறுதித் திட்டமா, நீளமாக எழுதுகிற ஆய்வேடா என்பதை இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் தீர்மானியுங்கள். முனைவர் படிப்பு மனதில் இருந்தால் ஆய்வேடு. ஆங்கிலம் அல்லாத வேறு மொழியில் தேர்வு உண்டா என்றும் பாருங்கள். வேலைக்குப் போகிறவருக்குத் திட்டமும், செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவும் போதும் என்பது என் கருத்து. அப்புறம், உதவித்தொகையோடு வருகிற வேலை பெரும்பாலும் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை இருக்கும். விடைத்தாள் திருத்துகிற வேலைக்குப் பதிலாகப் பல்கலைக்கழகக் காப்பகத்திலோ அருங்காட்சியகத்திலோ இடம் தர முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன கோடையில் உங்கள் மாணவர்கள் எங்கெங்கே வேலை செய்தார்கள், அதற்குச் சம்பளம் இருந்ததா, முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மூன்றே கேள்வி. இடங்களின் பெயரோடு பதில் வந்தால் அந்தத் துறையைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். “எங்கள் மாணவர்கள் பல துறைகளில் சிறந்து விளங்குகிறார்கள்” என்று மட்டும் வந்தால், அடுத்த பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.