வாங்கும் விலை வேறு, வைத்துக்கொள்ளும் விலை வேறு

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். கையில் ஒரே தொகையை வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பம், பத்து வயதைத் தாண்டிய சொகுசு செடானை வாங்குவதா, புதிய சிறிய ஹேட்ச்பேக்கை வாங்குவதா என்பதே இன்றைய தலைப்பு. புதிய ஹேட்ச்பேக்கே என்பது எங்கள் அணியின் கட்சி. எதிரணித் தலைவர், "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று சொல்லிக் கைதட்டல் பெற்றார். படுத்த யானைக்கும் நிற்கிற யானைக்குப் போடும் தீனியைத்தான் போட வேண்டும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அவர் எடுத்துக்காட்டிய 2014ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 320டி காரையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அது நல்ல வண்டி. 184 குதிரைத்திறனும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து நெடுஞ்சாலையில் தரும் நிதானத்தை மாருதி ஸ்விஃப்ட் போன்ற எந்தச் சிறிய ஹேட்ச்பேக்கும் தராது. அது டீசல் வண்டி என்பதால் எரிபொருள் செலவைக் காட்டியும் நான் வாதாடப் போவதில்லை. என் வாதம் ஒன்றே: புதிதாக முப்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி இன்று ஏறத்தாழ புதிய ஸ்விஃப்டின் விலைக்கு இறங்கிவிட்டது, அதன் உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்கவில்லை. வாங்கும்போது தள்ளுபடியாகத் தெரியும் பத்தாண்டுத் தேய்மானம், ஒர்க் ஷாப்புக்குப் போனதும் பில்லாக வருகிறது.

அந்த வண்டியின் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் என்ற சங்கிலி முன்பக்கம் இல்லை. பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அந்தச் செயின் தேய்ந்து சத்தம் போடுவது அந்த எஞ்சினில் பலரும் அறிந்த குறை. அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும் என்பதால், பாகத்தின் விலையோடு நாள்கணக்கான கூலியும் சேர்கிறது. கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றார் எதிரணி நண்பர். இன்சூரன்ஸ் தேய்ந்த பாகத்துக்கன்று, விபத்துக்குத்தான். விபத்திலும், வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துக்கொள்கிறார்கள்; பத்து வயது கடந்த வண்டியின் இரும்புப் பாகங்களுக்கும் அதே பாதிதான். இந்தக் கழிவு இல்லாத ஜீரோ டெப் பாலிசியை அந்த வயது வண்டிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தருவதில்லை. நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணம், 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய். ஸ்விஃப்ட் அடங்கும் 1000 முதல் 1500 சிசி வரையிலான பிரிவுக்கு 3,416 ரூபாய்.

மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன் மேலிருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் நீங்கியது. சிறிய காரோடு நிறுவனத்தின் வாரண்டியும் வருகிறது.

எதிரணியின் வலுவான வாதம் பாதுகாப்பு. அதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. அந்த 320டி அடங்கும் 3 சீரிஸ், காரை மோதவிட்டுப் பாதுகாப்பை ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் யூரோ என்கேப் சோதனையில் 2012இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. முந்தைய ஸ்விஃப்ட் 2022இல் அதேபோன்ற குளோபல் என்கேப் சோதனையில் ஒரே நட்சத்திரம் பெற்றது. இரண்டும் உண்மை. ஆனால் 2024இல் வந்த ஸ்விஃப்டின் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக்குகள் உண்டு; நட்சத்திரமே வேண்டும் என்றால், டாடா அல்ட்ராஸ் என்ற ஹேட்ச்பேக் 2020இலேயே ஐந்து பெற்றுவிட்டது. மேலும், 2012இல் மோதிப் பார்த்தது புத்தம் புதிய வண்டியை. பத்தாண்டுக்குப் பின் அந்தப் பாதுகாப்பு நிலைக்க வேண்டுமானால் டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் உரிய காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். பணம் போதாத வீட்டில் முதலில் தள்ளிப்போடப்படுவது அந்தச் செலவுதான். வழுக்கையான டயரில் ஓடும் ஐந்து நட்சத்திர வண்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வராது.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வியை வைக்கிறேன். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் கட்டும் மாதச் சம்பளக் குடும்பத்தில், அந்த டைமிங் செயின் சத்தம் போடத் தொடங்கும் மாதத்தில், எந்தச் செலவை நிறுத்தி அதை மாற்றச் சொல்வீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். வணக்கம்.