முதல் பக்கத்துலயே பொணம்

எல்லாருக்கும் வணக்கம். மைக்கை கொஞ்சம் கிட்ட வெச்சுக்கறேன், இல்லாட்டி கடைசி வரிசைல இருக்கவங்களுக்கு ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும்.

நான் 22 வருஷம் குடும்ப நாவல் எழுதுனவ. இப்ப கொலைக்கதை எழுதறேன், எப்பிடி மாறுனேன்னுதான் சொல்ல வந்தேன். மாசத்துக்கு ஒண்ணு. பஸ் ஸ்டாண்டு கடைல கிளிப் மாட்டி தொங்க விட்ருப்பாங்கல்ல, அந்த சைஸ் புக்கு. ஒரு பொண்ணு வாழ வருவா, மாமியார் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க, புருஷன் பாவம் நடுவுல முழிப்பான், கடைசி சில பக்கத்துல எல்லாம் சரியாயிரும். இதைக் கேவலமா சொல்லலைங்க, அந்தக் காசுலதான் எம் பொண்ணு படிச்சா.

2017 ஆடில எங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், அடுத்த நாவல் எப்பம்மான்னு போன் வந்துச்சு, சரி எழுதுவோம்னு உக்காந்தேன், ஹீரோ சாயங்காலம் ஆபீஸ் விட்டு மல்லிகைப்பூ வாங்கிட்டு வரான், கேட்டைத் திறக்கணும், அவ்வளவுதான் சீன், நூறு தடவை எழுதுன சீன். ரெண்டு மாசம் அந்த ஆள் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு இருந்தான். என்னால அவனை உள்ள கொண்டாற முடியல.

எழுத வராதப்ப என்ன செஞ்சேன்னா தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சேன். இறப்பு சான்றிதழ் ஈசியா வந்துருச்சு, வாரிசு சான்றிதழ்தான் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு இழுத்துச்சு. அங்க பெஞ்சுல உக்காந்திருக்கப்பதான் ஒரு விஷயம் புரிஞ்சது. எங்களுக்கான இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாம ஒரு ஆம்பளை செத்துட்டா அவரோட சொத்து பொண்டாட்டிக்கும் பிள்ளைங்களுக்கும் போகும், கூடவே அவரைப் பெத்த அம்மாவுக்கும் சமமா ஒரு பங்கு. அப்பாவுக்கு அந்த வரிசைல எடமே கெடையாது, அம்மாவுக்கு உண்டு. 22 வருஷமா நான் அழ மட்டும் விட்டு வெச்சிருந்த மாமியார் கேரக்டர், பேப்பர்ல பாத்தா எனக்கு சரிசமமா நிக்குது! கூடப்பொறந்த தம்பிக்கு நேரா ஒண்ணும் வராது. ஆனா அந்த அம்மாவும் உயில் இல்லாம போயிட்டா அவங்க பங்குல அவனுக்கும் ஒரு துண்டு வரும்.

இதை எனக்கு வெளக்குனது பக்கத்துல மனு எழுதிக் கொடுக்கற பெரியவர். அவர் சாதாரணமா சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, எனக்கு முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. அந்த அம்மா சீக்கிரம் போகணும்னு ஒருத்தன் நெனைச்சா? அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சேன், 11 நாள்ல முதல் பாதி முடிஞ்சது.

நிறைய பேர் கேப்பாங்க, எப்பிடி மேடம் தைரியமா க்ரைமுக்கு மாறுனீங்கன்னு. தைரியமெல்லாம் இல்லைங்க. எனக்குத் தெரிஞ்ச உலகம் மாறிப்போச்சு, பழைய அச்சுல புது மாவு நிக்கல. பெருமாள்முருகன் சார் விஷயம் உங்களுக்குத் தெரியும், மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்பு கெளம்பி, 2015 ஜனவரில எழுத்தாளன் செத்துட்டான்னு அவரே அறிவிச்சாரு, 2016 ஜூலைல ஹைகோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் அவர் திரும்பி வந்து எழுதுன நாவல்ல நாயகி யாரு? ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பூனாச்சி. மனுசங்களைப் பத்தி எழுதறதுக்கே யோசிக்க வேண்டிய எடத்துல கொண்டு வந்து நிறுத்துனா ஆடுதான் பேசும். அதுல வர்ற பயம் இருக்கே, அதை ஆட்டை வெச்சுத்தான் அப்படி சொல்ல முடியும்னு எனக்குத் தோணும்.

என் கதைல இன்னொரு பஞ்சாயத்து, பேரு. பதிப்பாளர் சொன்னாரு, உங்க பேர்ல கொலைக்கதை போட்டா பழைய வாசகிங்க திட்டுவாங்க, வேற பேர் வைங்கன்னு. நியாயம்தான். கொலைக்கதைக்கே பேர் போன இங்கிலாந்து எழுத்தாளர் அகதா கிறிஸ்டியே செஞ்சிருக்காங்க, நமக்கு நேர் எதிரா. 1926ல அவங்க அம்மா எறந்துட்டாங்க, அதே வருஷம் புருஷன் இன்னொருத்தியை விரும்பறேன், விவாகரத்து வேணும்னாரு, டிசம்பர்ல கிறிஸ்டி 11 நாள் காணாமப் போயி ஹாரோகேட்டுங்கற ஊர்ல ஒரு ஹோட்டல்ல கிடைச்சாங்க, அங்க ரிஜிஸ்டர்ல போட்டிருந்த கடைசிப் பேரு அந்த இன்னொருத்தியோட பேரு. அதைப் பத்தி சுயசரிதைல மூச்சே விடல. ஆனா 1930லேர்ந்து மேரி வெஸ்ட்மகாட்டுங்கற பேர்ல ஆறு நாவல் வந்துச்சு, கொலை கிடையாது, துப்பறியற ஆளு கிடையாது, எல்லாம் மனசு, கல்யாணம், ஏமாத்தம். யார் எழுதுனதுன்னு கிட்டத்தட்ட 20 வருஷம் வெளிய தெரியல. அதுல ஒண்ணை மூணே நாள்ல எழுதிருக்காங்க. எத்தனை நாளா உள்ள கெடந்திருந்தா மூணு நாள்ல வந்து கொட்டும்?

எனக்கு ஒளிய எடம் தேவைப்படல, அதான் பேரை மாத்தலைன்னுட்டேன். தவிர பழைய தொழில் ஒண்ணும் வீணாப் போகல பாத்துக்கங்க. சாப்பாட்டுல யாருக்கு முதல்ல பரிமாறறாங்க, யார் தட்டுல அப்பளம் விழல, இதெல்லாம் குடும்ப நாவல்காரிக்குத்தான் தெரியும். கொலைகாரனை நான் பந்தில வெச்சுத்தான் பிடிச்சேன்.

பேரை மாத்தாததுக்கு அனுபவிச்சதையும் சொல்லிடறேன். திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா, என் பழைய வாசகி, மருமக வளைகாப்புக்கு வர்றவங்களுக்கு தாம்பூலத்தோட கொடுக்க என் புது புக்குல 50 காப்பி வாங்கிட்டாங்க. திறந்தே பாக்கல. முதல் பக்கத்துலயே பொணம். ராத்திரி பத்து மணிக்கு போன் வருது, நான் திட்டு வாங்க ரெடியா எழுந்து உக்காந்துட்டேன்.

"ஏம்மா, வளைகாப்புல கொடுக்கற புக்கா இது"ன்னாங்க. மன்னிச்சுக்கங்கக்கான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்த சின்னக் கொழுந்தன்தான்னு எனக்கு எட்டாவது அத்தியாயத்துலயே தெரியும், அவன்தானே அப்பளம் கேக்காம எந்திரிச்சுப் போனான்"னாங்க.