மூச்சுக் கேட்ட தூரம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

பழைய கால்பந்து மைதானங்களைப் பற்றிப் பேசணும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, எனக்கு முதலில் எங்கய்யனுடைய சைக்கிள் பார்தான் நினைவுக்கு வந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் அவருக்கு வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், தலையில் ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டாமல், என்னைப் பாரில் உட்காரவைத்துப் போத்தனூருக்கு மிதிப்பார். போத்தனூர் ரயில்வே ஊர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. சாயந்திரம் பந்தாட்டம் என்றால் மண் தரையைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

அந்த இரண்டு முழத்தில் எல்லாம் கேட்கும். பூட்ஸ் பந்தில் படுகிற சத்தம், விங்கில் ஓடுகிறவர் மூச்சு வாங்குவது, ரெஃப்ரியைத் திட்டுவது, எல்லாம். பந்து வெளியே வந்தால் கூட்டத்துக்குள்தான் விழும். ஒருமுறை நேராக எங்கய்யன் கைக்கே வந்துவிட்டது. அவர் அதை எறியாமல், இரண்டடி முன்னே போய் ஆட்டக்காரர் கையில் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் லைன் வீடுகளில் அதுதான் பேச்சு.

பிறகு கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குப் போக ஆரம்பித்தோம். காங்கிரீட் படி, வெயில் ஏறிக் கொதிக்கும். தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காருவோம். வேகவைத்த கடலைக்காய் ஒரு பொட்டணம். உயரத்தில் இருந்து பார்த்தால் ஆட்டம் முழுவதும் படம் போட்ட மாதிரி தெரியும். ஆனால் நமக்கும் கோட்டுக்கும் நடுவில் வேலி, வேலிக்கு அப்புறம் ஓடுதளம். முதல் நாள் ஆட்டம் முடிந்து இறங்கும்போது எங்கய்யன் சொன்னார்: “பந்து நல்லாத் தெரியுது சாமி. மூச்சுத்தான் கேக்கல.”

முப்பது வருசம் உடற்கல்வி ஆசிரியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உலகத்தில் எந்த மைதானத்தைப் பற்றிப் படித்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அளக்கிறேன்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் குடிசன் பார்க் என்று ஒரு மைதானம். 1892 முதல் எவர்ட்டன் அணி அங்கே ஆடியது. சுற்றிலும் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு மூலையில் தேவாலயம், கேலரிக்குத் தோள் கொடுத்த மாதிரி நிற்கும். இரும்புத் தூண் பார்வையை மறைக்கும், இருக்கை குறுகல். ஆனால் கோட்டை ஒட்டிக் கூட்டம். 2025 மே 18-ஆம் தேதி அவர்களின் ஆண்கள் அணி அங்கே கடைசி ஆட்டத்தை ஆடியது. இப்போது ஆற்றோரத்தில் பழைய கப்பல்துறை இருந்த இடத்தில் 50,000 பேருக்கு மேல் உட்காரும் புது ஸ்டேடியம். ஆனாலும் குடிசனை அவர்கள் இடிக்கவில்லை, பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

அந்த மைதானத்தின் கேலரிகளில் பலவற்றை வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். அவர் தொடக்க காலத்தில் இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலைகள் கட்டியவர். வால்பாறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், தேயிலைத் தொழிற்சாலையில் அலங்காரம் என்று ஒன்றும் இருக்காது; இரும்பு, தகரம், நிறைய ஜன்னல், வேலைக்கு என்ன வேண்டுமோ அது. பழைய பிரிட்டிஷ் மைதானங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆலைக் கட்டடம்தான் தெரிகிறது. பார்க்க வந்தவர்களும் ஆலைத் தொழிலாளர்கள்தானே.

லண்டனில் ஹைபரி மைதானம் 2006-இல் மூடப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. பந்து உருண்ட இடம் இப்போது தோட்டம். ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடியைப் பார்த்துப் பழகிய நம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை. வெஸ்ட் ஹாம் அணி 2016-இல் தன் பழைய அப்டன் பார்க்கை விட்டு ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனது. ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய இடம். கூட்டம் பெரிதானது, ஆனால் புல் தள்ளிப் போய்விட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். எங்கய்யன் சொன்ன அதே குறை.

அதற்காகப் பழையதெல்லாம் கிட்டத்தில் இருந்தது என்றும் சொல்ல முடியாதுங்க. லண்டனின் பழைய வெம்ப்ளி மைதானத்தில் நாய்ப் பந்தயத் தடம் சுற்றி ஓடியது. கூட்டம் எட்டத்தில்தான். 2007-இல் திறந்த புது வெம்ப்ளியில் அந்தத் தடம் இல்லை, எந்தத் தூணும் பார்வையை மறைக்காது. இந்த ஒரு கணக்கில் புதியதே மேல். பழைய வெம்ப்ளியின் இரட்டைக் கோபுரம் போச்சே என்று அழுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லணும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லணும். பழைய மைதானங்கள் ஆட்களைக் கொன்றிருக்கின்றன. கிளாஸ்கோ ஐப்ராக்ஸில் 1902-இல் லீட்ச் வடிவமைத்த மரக் கேலரி உடைந்து 25 பேர் இறந்தார்கள். 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் மர கேலரிக்கு அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீ பிடித்து, சில நிமிடங்களில் எல்லாம் எரிந்து, 56 பேர் போனார்கள். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில், கூட்ட நெரிசலில் கம்பி வேலியோடு நசுங்கினவர்களில் இறந்தவர் மொத்தம் 97. பந்தாட்டம் பார்க்கப் போனவர்கள். அதில் சின்னப் பசங்களும் உண்டு. அதற்குப் பிறகுதான் அங்கே பெரிய மைதானங்களில் நின்று பார்ப்பதை நிறுத்தி, எல்லாருக்கும் இருக்கை என்று சட்டம் வந்தது.

இது எங்கேயோ நடந்த கதையும் இல்லை. வாளையாறு தாண்டினால் பாலக்காடு. 2020 ஜனவரியில் அங்கே நூரணி மைதானத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தின்போது உயிர்விட்ட ஆட்டக்காரர் தனராஜனின் குடும்பத்துக்கு உதவ ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். அதற்காகப் போட்டிருந்த தற்காலிகக் கேலரி சரிந்து பலர் காயம்பட்டார்கள். மூங்கிலையும் கயிற்றையும் நினைத்து உருகுகிற நான், அந்தச் செய்திக்குப் பிறகு கட்டின கேலரிகளில் ஏறும்போது முடிச்சைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

ஆகையால் பாதுகாப்பு வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதோடு சேர்த்து விலையும் ஏறியதுதான் வருத்தம். பிரேசிலில் ரியோவின் மரக்கானா மைதானத்தில், 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினவர்கள் மட்டும் 1,73,000-க்கு மேல். புல்லை ஒட்டிக் கீழே ‘ஜெரால்’ என்று ஓர் இடம், நின்று பார்க்கணும், காசு மிகக் குறைவு. ஏழைகளின் இடம் அது. 2005-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது சுமார் 78,000 இருக்கை. வசதி வந்தது, அந்த முகங்கள் எங்கே போயின?

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு ஜெர்மனியின் டோர்ட்மண்ட் இருக்கிறது. அங்கே தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் குறைந்த விலையில் நின்று பார்க்கிறார்கள். இங்கிலாந்திலும் 2022 முதல், வரிசைக்கு வரிசை கைப்பிடிக் கம்பி வைத்து, நிற்க மறுபடி அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

நம்ம ஊரிலும் அப்படி ஒரு நாள் வந்ததுங்க. 2019 மார்ச் 9. சென்னை சிட்டி அணிக்கு அப்போது நம் நேரு ஸ்டேடியம்தான் சொந்த மைதானம். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டம், எதிரணி மினர்வா பஞ்சாப். அதே நேரம், பட்டத்துக்கு நம்மோடு போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. என் மகள் வயிற்றுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தொடக்கத்திலேயே நம்மவர்கள் ஒரு கோல் பின்னடைவு. பின்னால் இருந்த ஒருவர் போனைப் பார்த்துக் கோழிக்கோட்டு நிலவரத்தைச் சொல்ல, அது வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது. இடைவேளைக்குப் பிறகு பெத்ரோ மான்சியின் பெனால்டி. அப்புறம் கௌரவ் போராவின் இரண்டு கோல். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஓடுதளமும் வேலியும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களில் எனக்குத் தூரமே தெரியவில்லை. “அப்பச்சி, உக்காருங்க” என்று பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் ஆடுவதெல்லாம் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் போட்ட வாடகை மைதானத்தில். ஊரைச் சுற்றி எத்தனை டர்ஃப் வந்துவிட்டது! மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, வெளிச்சம் போட்டு, ராத்திரியில்கூட ஆடுகிறார்கள். மில்லில் வேலை பார்க்கிற பையனும் பத்து பேரோடு பங்கு போட்டு ஆட முடிகிறது, நல்ல விசயம். ஆனால் பல இடங்களில் பார்க்கிறவனுக்கு இடமே விடவில்லை. வலை, வலையை ஒட்டி வண்டிகள். டர்ஃப் கட்டுகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள்: நீள வாக்கில் ஒரு பக்கம் மட்டுமாவது நாலடி அகலத்தில் மூன்று படி கட்டுங்க. கூரைகூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நான் போகிறேன். வலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் மூச்சு நன்றாகவே கேட்கிறது. என் பக்கம் வருகிற பந்து மட்டும், கைக்கு வராமல், வலையில் பட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது.