கூண்டு ஏற்றிய பிறகு
(மண்டபத்தில் மேசையாட்ட ஆர்வலர்கள் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வந்து உட்கார நேரம் கிடைத்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

"ஆட்டத்தில் கேரக்டர் சாகலாமா?" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மேடை ஏறுமுன் ஒரு அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, சாவைப் பத்திப் பேச நம்ம கரைதானா கெடச்சுச்சு?" 1964 டிசம்பரில் ஊரையும் ரயிலையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்த தனுஷ்கோடி பக்கத்தில் இருக்கிறது. கேட்கத்தான் செய்வார். அவருக்குப் பதில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். அதில் ஒருவர் டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர்; உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர், அதாவது அவர்கள் ஏற்று ஆடுகிற கதைமாந்தர். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் மூத்தது.

அது போர் விளையாட்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை. அங்கே படைவீரன் செத்தால் யாரும் அழ மாட்டார்கள். பொம்மையை எடுத்து ஓரமாக வைப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. அட்வான்ஸ்டு பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு நாலு முகப் பகடை ஒன்றுதான் மொத்த உயிர். ஒன்று விழுந்தால் பூனை பிறாண்டினாலே கதை முடிந்தது. 1975இல் ஒரு போட்டிக்காகக் கைகாக்ஸ் நடத்திய டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற கல்லறைச் சாகசம் 1978இல் அச்சானது. அதில் சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், வாயைப் பிளந்தபடி இருக்கும். உள்ளே கும்மிருட்டு. கையை விட்டால் கை இல்லை. ஆளே நுழைந்தால் ஆளே இல்லை. பகடைக்கு அங்கே வேலையே கிடையாது. 1977இல் வந்த டிராவலர் என்ற ஆட்டம் இதற்கும் ஒரு படி மேல்: கேரக்டரை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போகலாம். பெயர் வைக்கிறதுக்கு முன்னாலேயே காரியம்!

பிறகு காற்று திரும்பியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் உயிர்ப்புள்ளி பூஜ்ஜியமானாலும் ஆள் உடனே சாவதில்லை. முறைக்கு ஒரு தடவை இருபது முகப் பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் பிழைத்தான், கீழே மூன்று முறை வந்தால் போனான். கூட்டாளி யாரும் உதவாவிட்டால்கூட பிழைக்கத்தான் வாய்ப்பு சற்று அதிகம். அப்படியே செத்தாலும், ஒரு நிமிஷத்துக்குள் 300 பொற்காசு பெறுமானமுள்ள வைரத்தைச் செலவழித்து எழுப்பிவிடலாம். இது எனக்கு ஒப்பவில்லை. சாவு மளிகைச் சீட்டில் ஒரு வரியாகிவிட்டது.

அதற்காகப் பழைய கொலைவெறியே நல்லது என்று சொல்ல வரவில்லை. என் கட்சி வேறு. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அதைப் பாருங்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண். ஒன்று என்றால் எங்கோ தூரத்தில். பத்து என்றால் பேராபத்து. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. டி.எம். செய்ய வேண்டியது அந்தக் கூண்டு ஏற்றுகிற வேலை. கூண்டைப் பார்த்த பிறகும் ஒருவன் படகை இறக்கினால், அவனுக்கு நேர்வது அவன் தேர்ந்தெடுத்தது. கூண்டே ஏற்றாமல் கொன்றால் அது டி.எம்.மின் அட்டூழியம். பச்சை முகத்தில் எனக்குள்ள வழக்கும் அதுதான்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். முத்துக்குளிப்புக் கதை. குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தன் அக்கா தாலி அறுக்க விடமாட்டான் என்று நம் பக்கம் சொல்வார்களே, அதை வைத்துத்தான் கதையே. ஒரு கல்லூரித் தங்கைக்குக் குளிக்கிறவன் கேரக்டர். அவளுடைய வகுப்புப் பையன் கயிறு பிடிக்கிற மச்சான்.

கடலாழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், ஒரு பாகம் சுமார் ஆறடி. டி.எம். சொன்னார்: "எட்டுப் பாகம் இறங்கிட்ட. கீழ கலங்கல். இன்னும் ரெண்டு பாகம் போனா, மேலேருந்து இழுத்தாலும் மூச்சுப் பத்தாது. இருபதுல எட்டுக்குக் கீழ விழுந்தா ஆள் இல்ல. போறியா?"

"சிப்பிக் கூடை அங்கதானண்ணே கெடக்கு?"

"ஆமா."

"அப்பப் போறேன்."

விழுந்தது ஐந்து. மச்சானாக விளையாடிய பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் முன்னாடியே இழுத்திருக்கணும், இழுக்கட்டுமான்னு கேக்கவே இல்லையே!" என்று டி.எம்.மிடம் சண்டைக்கே போனான். அந்தத் தங்கையோ புதுத் தாளை எடுத்து அடுத்த கேரக்டரை எழுத ஆரம்பித்துவிட்டாள். யார் தெரியுமா? செத்தவனின் மனைவி. அதாவது கயிறு பிடித்தவனின் கூடப்பிறந்த அக்கா. கரையில் நின்று அவள் கேட்ட முதல் கேள்வி: "கயிறு உன் கையிலதானடா இருந்துச்சு?" அந்த ஐந்து விழாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு கதை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

டி.எம். தன் முன்னால் மறைப்புக்கு வைக்கிற தட்டிக்குப் பின்னால் பகடையைப் பார்த்துவிட்டு, பாவம் என்று எண்ணை மாற்றிச் சொல்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. இரக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் குட்டு வெளிப்படும். பிறகு பகடையை யார் மதிப்பார்? சாவு வேண்டாம் என்றால் முதலிலேயே வேண்டாம் என்று பேசிக்கொள்ளலாமே. படகு போகட்டும், கடன் ஏறட்டும், எதிரி பிடித்துக்கொண்டு போகட்டும். 1981இல் வந்த கால் ஆஃப் கத்துலுவில் உடம்புக்கு முன்னால் புத்தி உடையும். 1984இன் பரனாய்யாவில் ஆளுக்கு ஆறு நகல். ஒன்று செத்தால் அடுத்தது வந்து நிற்கும், எல்லோரும் சிரிப்பார்கள். டென் கேண்டில்ஸில் கடைசியில் எல்லோரும் சாவார்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாத ஆள் இல்லாத தெரு இந்தக் கரையில் குறைவு. அதனால் பகடையைத் தொடும் முன் ஒரு மாலை முழுக்கப் பேச்சுக்கென்றே ஒதுக்குகிறோம். எது வரலாம், எது வரவே கூடாது, எதைக் காட்டாமல் தாண்டிப் போகலாம் என்று. முத்துக்குளிப்புக் கதைக்கும் கேட்டோம். உடல் கரை ஒதுங்குவது வேண்டாம் என்று ஒரு தம்பி சொன்னான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசிவரை அது வரவுமில்லை. மேசை நடுவில் எக்ஸ் எழுதிய சீட்டு ஒன்று கிடக்கும். யார் தொட்டாலும் காட்சியை மாற்றியாக வேண்டும்.

கடைசியாக, டி.எம்.கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று. கேரக்டர் செத்தவன் அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்த கேரக்டர் வருகிறவரை எதிரியின் பகடையை அவன் கையில் கொடுங்கள். தன் கூட்டாளிகளை அடிப்பதில் அவன் காட்டுகிற உற்சாகம் எந்த டி.எம்.முக்கும் வராது.