மூன்றாவது பீரியடும் மூன்று நாள் சஸ்பெண்டும்

நடுவர் அய்யா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணன், மதினி அவர்களே, வேலை முடிந்த அலுப்போடு வந்து துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் மேலூர் மக்களே, வணக்கம்.

‘மின்சிகரெட்டோடு பிடிபடும் மாணவனைத் திருத்துவது கண்டிப்பா, சிகிச்சையா?’ என்பது தலைப்பு. சிகிச்சைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர் அண்ணன், “முதல் தடவை மூணு நாள் சஸ்பெண்ட், ரெண்டாவது தடவை டி.சி., அப்புறம் எவன் தொடுவான்?” என்று கேட்டார். பழைய பிரம்பையும் கொஞ்சம் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார். நீங்களும் கை தட்டினீர்கள்.

பிரம்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் பீடிக்காக அடி வாங்கிய தலைமுறை இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை பேர் திருந்தினார்கள் என்று பந்தலுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள் அண்ணே. நான் யார் பெயரையும் சொல்லவில்லை, வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருப்பார்கள்.

பீடிக்காவது ஒரு மரியாதை உண்டு. முதல் இழுப்பிலேயே இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, போதுமடா சாமி என்று ஆக்கிவிடும். மின்சிகரெட்டில் அந்தக் காவலையும் எடுத்துவிட்டார்கள். நிகோட்டினை உப்பு வடிவத்துக்கு மாற்றி, கிளிசரின் மாதிரியான திரவத்தில் கரைத்து, மாம்பழ வாசனையோ புதினா வாசனையோ சேர்த்து, பேட்டரியால் சூடாக்குகிறார்கள். தொண்டை எரிவதில்லை. அதனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையாலும் இருமாமல் ஆழமாக இழுக்க முடிகிறது. வீட்டில் கேட்டால் “வெறும் நீராவிதாம்மா” என்பான். தாயே, அது நீராவி இல்லை, நிகோட்டின் கலந்த ரசாயனத் துளிகள். 2015-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜூல் என்ற மின்சிகரெட் பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரியே இருந்தது. அதன் ஒரு குப்பியில் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு நிகோட்டின் இருப்பதாக அந்தக் கம்பெனியே சொன்னது.

இப்போது அண்ணனுடைய டைம்டேபிளுக்கு வருகிறேன். காலையில் பஸ் ஏறுமுன் ஒருத்தன் இழுத்துவிட்டு வருகிறான். ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது மூன்றாவது பீரியட் நடக்கும். கணக்கு மண்டையில் ஏறாது, காலாட்டிக்கொண்டே இருப்பான், பக்கத்துப் பையன் தொட்டால் எரிந்து விழுவான், “சார், பாத்ரூம்” என்று எழுந்து நிற்பான். ஆசிரியர் கண்ணுக்கு அது திமிராகத் தெரிகிறது. அவர் மேலும் தப்பில்லை, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார்? ஆனால் மருத்துவரிடம் கேட்டால் எரிச்சல், பரபரப்பு, கவனச்சிதறல் எல்லாம் நிகோட்டின் கிடைக்காதபோது வரும் அறிகுறிகள் என்பார். மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது. வளரும் மூளையை நிகோட்டின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பையனைத்தான் மூன்று நாள் வீட்டுக்கு அனுப்புகிறார் அண்ணன். நிகோட்டினை நிறுத்தியவனுக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடுமையான நாட்கள். அந்த நாட்களில் அப்பா வேலைக்குப் போயிருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் அவனும் செல்போனும் மட்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு மெசேஜ் போட்டால் சரக்கு கூரியரில் வந்துவிடும். தண்டனை என்று நினைத்து நாம் அவனுக்கு லீவு கொடுத்திருக்கிறோம்!

டி.சி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் படிக்கிறவனை நீக்கினால் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சரி, கண்டிப்பே வேண்டாமா? வேண்டும், விற்கிறவனிடம் காட்டுங்கள். தமிழ்நாடு 2018-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி சிக்கினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இழுத்தவனுக்கென்று அதில் ஒரு தண்டனையும் எழுதவில்லை. சட்டம் பிடிக்கச் சொன்னது ஒருவனை, நாம் பிடித்திருப்பது இன்னொருவனை. சரியாக விசாரிக்காமல் தண்டித்தால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதினி அமெரிக்கக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்தினார். 2019-ல் அங்கே மேல்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் இழுத்தார்கள், உண்மைதான். 2024-ல் அது 7.8 ஆகிவிட்டது என்பதை விட்டுவிட்டார். இடையில் வாங்கும் வயதை 21 ஆக்கினார்கள், வாசனைக் குப்பிகளைக் கட்டுப்படுத்தினார்கள், விட நினைக்கும் பிள்ளைகளுக்குச் செல்போனில் தினமும் செய்தி அனுப்பித் துணை நின்றார்கள். சஸ்பெண்ட் பண்ணும் பள்ளிகள் அங்கேயும் முன்பிருந்தே இருந்தன.

கடைசியாக மதினி ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: “எதையும் தொடாத என் பிள்ளை ஏன் அந்தக் கழிப்பறைப் புகையில் நிற்க வேண்டும்?” நிற்கவே கூடாது. கருவியைப் பறிமுதல் செய்யுங்கள், இடைவேளையில் ஓர் ஆசிரியரை அங்கே நிறுத்துங்கள். ஆனால் யார் இழுக்கிறான் என்று முதலில் தெரிவதே உங்கள் பிள்ளைக்குத்தான் மதினி. சொன்னால் சிநேகிதனுக்கு டி.சி. என்றால் வாயே திறக்க மாட்டான். சிநேகிதனுக்கு வைத்தியம் என்றால் சொல்வான். விற்றவன் யார் என்பதைப் பிடிபட்டவன் சொல்வதும் அப்படித்தான்.

சிகிச்சை என்றதும் ஊசி, மாத்திரை என்று பயப்பட வேண்டாம். பதின்வயதினருக்குப் பெரும்பாலும் ஆலோசனைதான். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 1800-11-2356 புகையிலை விடுவிப்பு உதவி எண், இரண்டுக்கும் காசு கிடையாது. நேரில் போக வேண்டுமென்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அய்யா மணி அடித்துவிட்டார், உட்காருகிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், அந்த மூன்று நாளும் பையன் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று மட்டும் சொல்லட்டும்.