பனிமனிதனைக் கழற்றுங்கள், முற்றத்துக்கு வாருங்கள்

வணக்கம். மழலையர் வகுப்புச் சுவரில் ஒட்டும் வானிலைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்கிற சூரியன், சாம்பல் மேகம், கூடவே கழுத்தில் துண்டு சுற்றிய பனிமனிதன். சென்னையில் பனிமனிதனை எங்கே போய்த் தேடுவது? முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். வானிலையை முற்றத்திலேயே சொல்லிக் கொடுப்போம்.

இதோ, சிமெண்டுத் தரையில் காலை மழையில் தேங்கிய தண்ணீர். கேமராவைக் கீழே இறக்குகிறேன். ஓரத்தை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறேன். ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காது, ஒரு விரற்கடை தள்ளிக் காய்ந்த இடத்தில் வரையுங்கள். சாப்பாட்டு வேளையில் வேறு நிறத்தில் இன்னொரு கோடு. தண்ணீர் சுருங்கச் சுருங்கக் கோடும் உள்ளே உள்ளே போகும். 'தண்ணீரை யார் குடித்தது?' என்று கேளுங்கள். காக்கா, நாய், பூமி என்று பதில் வரும். உடனே ஆவியாதல் பாடத்தை ஆரம்பித்துவிடாதீர்கள்! மண்தரை என்றால் 'பூமி குடித்தது' பாதி சரிதான். அதனால்தான் சிமெண்டுத் தரை வேண்டும் என்கிறேன். பிறகு ஒரே அளவு தண்ணீரோடு ஒரு தட்டை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வையுங்கள். அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

அடுத்தது மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிக் கீழ்ப்பாகத்துக்குள் தலைகீழாகச் செருக வேண்டும். வெட்டுவது பெரியவர்கள் வேலை, விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். அடியில் கூழாங்கல், அது மூழ்கும்வரை தண்ணீர், அங்கே ஒரு கோடு. அதுதான் பூஜ்யம். வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு மழையை அளக்கிறது, நாமும் பள்ளி தொடங்கியதும் அளப்போம். நான்கு வயதுக்கு மில்லிமீட்டர் எட்டாது. தண்ணீரின் உயரத்துக்கு நீலக் காகிதத்தை வெட்டி நாட்காட்டியில் ஒட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் நெட்டையும் குட்டையுமாகக் காகிதங்கள் நிறையும். சித்திரையில் ஆரம்பித்தால் வெறும் கட்டங்கள்தான், அலுத்துவிடும். ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் துறையின் கணக்கில் அது கனமழை. ஏறத்தாழ நம் ஆள்காட்டி விரல் நீளம், அவ்வளவுதான்.

அளந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கோடு வரை புதிதாக ஊற்றுங்கள். தேங்க விட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். இடி கேட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும், மழைமானி அங்கேயே நனையட்டும். காற்றின் திசை பார்ப்பதை அடுத்த காணொளியில் செய்யலாம். பழைய சேலைக் கரை ஒரு முழம் எடுத்து வையுங்கள்.