மீன் தொட்டி CO2 தோம்பு மூணு வாரத்துல காலியா? ரெகுலேட்டரை விடுங்க, இந்த வாஷரைப் பாருங்க

வணக்கம் மக்களே. இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல மத்தியானமே வானம் இருட்டிருச்சு, நடுவுல இடிச் சத்தம் வந்தா பொறுத்துக்குங்க. மூணடி மீன் தொட்டியைப் போன வீடியோல முழுசா காட்டிட்டேன், இன்னிக்கு அது இல்ல. தொட்டிச் செடிக்கு CO2, அதான் கரியமில வாயு, விடுறோமே, அந்த கேஸ் தோம்பு, சிலிண்டர், கசியுற கதை. இன்னிக்கு இதுதான். தெரியுதா? கிட்டக் கொண்டு வரேன். வெள்ளையா, நாணயம் மாதிரி, நடுவுல ஓட்டை. நைலான் வாஷர். ஒரு வெள்ளி அம்பது காசு.

இந்த ஒன்றரை வெள்ளி சாமானுக்குத்தான் வீடியோவே. கோவம் வருது எனக்கு. தோம்பு மூணு வாரத்துல காலியாகுதுன்னு ஒருத்தர் கடையில போய்ச் சொன்னா, ரெகுலேட்டர், அதான் தோம்பு அழுத்தத்தைக் குறைச்சு விடுற சாமான், போச்சுன்னு சொல்லி 250 வெள்ளி சாமானைக் கையில குடுக்குறாங்க. ரெகுலேட்டர் போகல! தோம்பு வாய்க்கும் ரெகுலேட்டருக்கும் நடுவுல உக்காருற வாஷர் நசுங்கியிருக்கு. கேஸ் நிரப்புறப்ப ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும். நைலான் ஒரு தடவை இறுக்கினதும் அந்த வாய்க்கு ஏத்த மாதிரி பள்ளம் விழுந்துரும். கழட்டி மறுபடி மாட்டினா அந்தப் பள்ளம் அதே இடத்துல உக்காராது. முடி அளவு சந்து போதும், உள்ள 60 பாருக்கு மேல அழுத்தம் நிக்குது, ராத்திரி பகலா போய்க்கிட்டே இருக்கும்.

இதுல இன்னொண்ணு, வெள்ளை டேப்பு சுத்துறாங்க பாருங்க, தோம்பு வாயில. வேண்டாம். அந்த மரை கேஸை அடைக்கிறதே இல்ல, இழுத்துப் பிடிக்க மட்டும்தான். அடைக்கிறது வாஷர். டேப்புத் துண்டு பிச்சிக்கிட்டு உள்ள போய், கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஊசி வால்வுல மாட்டினா அப்புறம்தான் நிஜமாவே ரெகுலேட்டர் போகும். ஸ்பானர் போட்டு உயிரைக் குடுத்து இறுக்கவும் வேண்டாம், வாஷர் பிதுங்கி வெளிய வந்துரும். கையால இறுக்கி, ஸ்பானர்ல கால் சுத்து. அப்புறம் சவுக்காரத் தண்ணியில பாத்துட்டு, நுரைச்சா இன்னும் கொஞ்சம்.

கணக்கு சொல்றேன். ஒரு செகண்டுக்கு ரெண்டு குமிழ், எட்டு மணி நேரம் ஓடுதுன்னா, ஒரு நாளைக்குச் சுமாரா பத்து கிராமுக்குள்ளதான் செலவாகும். ரெண்டு கிலோ தோம்பு ஆறு மாசம் தாண்டணும். மூணு வாரத்துல காலின்னா தொட்டிக்குப் போனதை விட வீட்டுக்குள்ள போனது பல மடங்கு. மீட்டர் முள்ளைப் பாத்து எவ்வளவு மிச்சம்னு சொல்லாதீங்க. உள்ள திரவம் இருக்கிற வரைக்கும் முள்ளு வெக்கையை மட்டும்தான் காட்டும். 20 டிகிரில 57 பார், 30 டிகிரில 72 பார். திரவம் தீர்ந்த பிறகுதான் இறங்கும், அப்ப மிச்சம் கொஞ்சம்தான். தராசுல வைங்க. வெறுந்தோம்பு எடை மேலயே குத்தியிருக்கும், கழிச்சுப் பாருங்க.

சரி, கசிவைக் கண்டுபிடிக்கிற முறை. தோம்பு வால்வைத் திறந்து முள்ளு ஏறட்டும். சோலினாய்டு, அதான் கரண்டுல திறக்குற வால்வு, ஆஃப். இப்ப தோம்பு வால்வை மூடிருங்க. முள்ளு நிக்கிற இடத்துல பேனாவால கோடு போட்டுட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில குளிர்ல கொஞ்சம் இறங்கியிருக்கும், அது கசிவு இல்ல. பாதிக்குக் கீழ, இல்ல சுழியத்துக்குப் போயிருந்தா, தோம்பு வாயிலேர்ந்து சோலினாய்டு வரைக்கும் எங்கேயோ ஓட்டை. பத்துல எட்டு தடவை இந்த வாஷர்தான், அதான் இவ்வளவு நேரம் இதையே காட்டிக்கிட்டு இருக்கேன்.

முள்ளு அசையலைன்னா கசிவு சோலினாய்டுக்கு அந்தப் பக்கம். கேஸை ஓட விட்டு, கேஸைப் பொடிக் குமிழா தொட்டிக்குள்ள விடுற டிஃப்யூசருக்கு ஒட்டின மாதிரி குழாயை மடிச்சு கிளிப்பு போடுங்க. குமிழ் எண்ணுற கண்ணாடியில குமிழ் மெதுவாகி நின்னுரணும். உடனே நிக்காது, குழாய்க்குள்ள அழுத்தம் ஏற பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், பதறாதீங்க. அதுக்கு மேலயும் ஓடினா கண்ணாடிக்கும் கிளிப்புக்கும் நடுவுல கசியுது. அங்க சிலிக்கான் குழாய் போட்டிருந்தா தேடவே வேண்டாம், கேஸ் அந்தக் குழாய்ச் சுவரையே ஊடுருவிப் போகும். காத்து மோட்டாருக்கு அது சரி, இதுக்கு பியூ, அதான் பாலியூரித்தேன், குழாய்தான்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். ரெகுலேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி தோம்பு வால்வை மூடிட்டு, சோலினாய்டை ஆன் பண்ணி, ரெண்டு முள்ளும் சுழியத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பானர் எடுக்கணும். தோம்பை எப்பவும் நிமித்தி வைக்கணும், படுக்க வச்சா திரவம் ரெகுலேட்டருக்குள்ள ஏறும். ஈப்போவுக்கு நிரப்பக் கொண்டு போறவங்க வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க.

அடுத்தது, தண்ணியில கேஸ் எவ்வளவுன்னு கலர்ல காட்டுற டிராப் செக்கர் பச்சையா இருக்கு, செடி மட்டும் வளரலைன்னு சொல்றவங்க. உள்ள என்ன தண்ணி ஊத்துனீங்க? தொட்டித் தண்ணியா? அதான். அந்தக் கலர் மருந்து பிஎச்சை மட்டும் காட்டும். கேஎச், அதான் கார்பனேட் கடினத்தன்மை, 4ன்னு போட்டு விக்கிற தண்ணியை ஊத்துனா, பச்சைன்னா பிஎச் 6.6, அதாவது கேஸ் 30 பிபிஎம், லிட்டருக்கு 30 மில்லிகிராம். நம்ம பக்கத்துப் பைப்புத் தண்ணி மாதிரி கேஎச் 1 தண்ணியை ஊத்துனா அதே பச்சைக்கு 7, 8 பிபிஎம்தான். கலர் ஒண்ணு, கேஸ் கால்வாசி. இன்னொண்ணு, அந்தக் கலர் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் பின்னால நிக்கும். காலையில வால்வைத் திருப்பிட்டு பத்து நிமிஷத்துல கலர் மாறலைன்னு இன்னும் திருப்பாதீங்க, மீன் செத்துரும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, கொஞ்சூண்டு. லைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கேஸ் ஆன், லைட் அணையுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஆஃப். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் குறையன்னு ஆடுனா கறுப்புத் தாடிப் பாசி பிடிக்கும்.

வெளிநாட்டு வீடியோவைப் பாத்து அதே அளவு கேஸ் விடாதீங்க. அங்க தண்ணி 24 டிகிரி, இங்க 29, 30. 30 டிகிரி தண்ணியில ஆக்ஸிஜனே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் நிக்கும். மேல் தண்ணி சுருக்கம் விழுற மாதிரி ஃபில்டர் வாயைக் கொஞ்சம் தூக்குங்க. கேஸ் கொஞ்சம் போகும், போகட்டும், தோம்பு நிரப்பிக்கலாம். மீன் மேல வந்து வாயைத் திறந்தா கேஸை உடனே நிறுத்திட்டு காத்து மோட்டாரைப் போடுங்க. கேஸே வேண்டாம்ங்கிறவங்களுக்கு நம்ம மலேசிய ஆத்துலேயே வளர்ற கிரிப்டோகொரைன் அஃபினிஸ் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச செடி, கேஸ் கேக்காது.

டிஃப்யூசர்ல குமிழ் பெருசா ஒரு பக்கமா வந்தா பாசி அடைச்சிருக்கு. பிரஷ் வேண்டாம். குளோராக்ஸ் ப்ளீச் கலந்த தண்ணியில ஒரு மணி நேரம், கழுவி, குளோரின் எடுக்கிற மருந்துல ஊற வச்சு, மறுபடி கழுவி மாட்டுங்க. சீக்கிரம் போகட்டும்னு வினிகரைச் சேத்து ஊத்திராதீங்க, விஷக் காத்து வரும்.

இடி கிட்ட வந்துருச்சு. இதை மட்டும் சொல்லிடுறேன். கரண்டு போனா சோலினாய்டு தானா மூடிக்கும், பயம் இல்ல. திரும்பி வந்த பிறகு பாருங்க, ஃபில்டர் சுத்துதான்னு. காத்து அடைச்சு ஃபில்டர் நின்னு, கேஸ் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும். திருகுற டைமர் கரண்டு போன நேரத்துக்குப் பின்னால போயிரும், பேட்டரி டைமர் போகாது. கேஸுக்குத் திருகுறது, லைட்டுக்குப் பேட்டரின்னு மாத்தி வச்சிருந்தா கரண்டு போன நேரம் அளவுக்கு கேஸ் பிந்தி வரும். ரெண்டும் ஒரே வகையா வைங்க. நான் ப்ளக்கைக் கழட்டுறேன், வரேன்.